சரிபார்த்தவர் கையெழுத்து

நாள் 23. காலை 9.10. காற்றில் கரியமில வாயு 0.4 சதம்.

வழக்கமான பதிவு. நிலையத்தின் பெயர் சிப்பி. இடம் மன்னார் வளைகுடா, கடல்மட்டத்துக்கு இருபது மீட்டர் கீழே. ஆட்கள் இருவர். வேதியியலுக்குக் கோமதிநாயகம், அதாவது நான். இறால் நோய் எதிர்ப்பியலுக்கு ரெக்சலின். இறால்கள் ஆறு தொட்டிகளில் நானூற்றுப் பன்னிரண்டு. நேற்று ஒன்று கூடுதலாக இருந்தது. துள்ளி வெளியே விழுந்துவிட்டது.

அலுவலகப் பதிவேடு தனியாக இருக்கிறது. அதில் எண்கள் மட்டும். இது என் சொந்த நோட்டு. நாளைக்கு எங்கள் வேலையைத் தொடர வருகிறவருக்கு எண்களுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரியட்டும்.

வருகிறவருக்கு முதல் பாடம். இந்த இரும்பு உருளைக்குள் வெளிக்காற்று வராது. நாங்கள் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை யாராவது பிடித்து அப்புறப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் முதலில் தலைவலி, பிறகு குழப்பம், அதற்குப் பிறகு பதிவு எழுத ஆள் இருக்காது. பிடிப்பவை மணிகள். மிளகளவு இருக்கும். இறால் ஓட்டைக் காரத்தில் வேகவைத்து, சுத்தம் செய்து, உருட்டி, அதன்மேல் அமீன் என்னும் சேர்மத்தைப் பிணைத்துச் செய்தவை. அமீன்தான் வாயுவைப் பிடிக்கும் கை. மணி நிரம்பியதும் குடுவையைச் சூடாக்கினால் பிடித்ததை விட்டுவிடும். அந்த வாயு பாசித் தொட்டிக்குப் போகும். பாசியை இறால் தின்னும். இறால் ஓட்டைக் கழற்றும். ஓட்டிலிருந்து மறுபடி மணி.

சுற்று அழகானது. அதில் ஒரே ஒரு ஓட்டை உண்டு. சூடும் ஆக்சிஜனும் சேர்ந்தால் அமீன் கெட்டுப்போகும். கெடாமல் காப்பது எப்படி என்று பதினோரு வருடமாக முட்டிக்கொண்டிருக்கிறேன்.

குடுவைகள் இரண்டு. ஒன்றில் என் வெள்ளை மணி. மற்றதில் ரெக்சலினின் கறுப்பு மணி. இரண்டையும் பன்னிரண்டாம் நாள் ஒன்றாக ஓடவிட்டோம். எது அதிக நாள் தாங்குகிறதோ அதுதான் அடுத்த நிலையத்துக்குப் போகும். இன்று வெள்ளையின் பிடிப்பு நூற்றுக்கு 96. கறுப்பு 97.

கறுப்பைப் பற்றி இன்று எழுத மனமில்லை.

நாள் 24. காலை 11.30. 0.4 சதம்.

ரெக்சலின் மேலே போகிறாள். அறுபது மீட்டர் ஆழத்தில் ஆழ்சிப்பி என்று பெரிய நிலையம் தயாராகிறது. நான்கு பேர், ஆறு மாதம். அதற்கு அவள் தலைவி. நானும் விண்ணப்பித்திருந்தேன். எனக்கு ஐம்பத்துமூன்று வயது, ரத்த அழுத்தம் உண்டு என்று காரணம் சொன்னார்கள். அந்த அழுத்தம் அவர்கள் கடிதம் வந்த பிறகு கூடியது.

மேலே போவது சாதாரணமில்லை. இந்த ஆழத்தில் பழகிய உடம்பை நேராக நீந்த விட்டால் ரத்தத்தில் குமிழி கிளம்பி ஆள் முடிந்துபோவார். கூண்டில் உட்கார்த்தி ஒன்றரை நாள் மெதுவாகத் தூக்குவார்கள். கூண்டு ஒன்றுதான் இருக்கிறது. அவளுக்குப் பதில் வர வேண்டியவருக்குக் காதில் சீழாம், குணமானதும் இறக்குவார்களாம். அதுவரை நான் தனி.

இங்கே ஒரு வழக்கம் சொல்ல வேண்டும். பதிவேட்டுத் தாள் ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டம் இருக்கிறது. பதிந்தவர், சரிபார்த்தவர். ஒருவர் மானியைப் பார்த்து எண்ணைச் சொல்வார். மற்றவர் அதே மானியைத் தானும் பார்த்துக் கையெழுத்திடுவார். இரண்டு கையெழுத்தும் இல்லாத தாளை மேலே ஏற்க மாட்டார்கள். நான் தனியாக இருக்கும் நாட்களில் சோதனை தடைப்படக்கூடாது என்று ரெக்சலின் நாற்பது வெற்றுத் தாள்களை அடுக்கி, சரிபார்த்தவர் கட்டத்தில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். எல்லா ஆய்வகத்திலும் நடப்பதுதான். நானே எத்தனையோ முறை போட்டிருக்கிறேன்.

நாள் 29. மாலை 4.00. 0.4 சதம்.

கரைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் இசக்கியப்பன். நல்ல மனிதர். எந்தச் செய்தியையும் இனிப்பு கொடுக்கிற மாதிரி சொல்வார். இன்றைய செய்தி அப்படியே:

"சார், இசக்கியப்பன் பேசுதேன். சாப்டியளா? இங்க டைரக்டர் ரூம்ல கறுப்பு மணி பேச்சாத்தான் கெடக்கு. ரெக்சலின் மேடம் போட்டோவப் பேப்பர்ல போட்ருக்காவ. உங்க பேரும் இருக்கு சார். கீழ சின்னதா இருக்கு. ஆனா இருக்கு."

கீழே, சின்னதாக. அந்த இரண்டு சொல்லை மென்றுகொண்டே சாப்பிட்டேன்.

சரி, கறுப்பைப் பற்றி எழுதிவிடுகிறேன். ஒன்பதாம் நாள் ஒரு இறாலின் வால் வலையில் சிக்கிக் கிழிந்தது. மறுநாள் புண்ணின்மேல் கறுப்பாக ஒரு படலம். ரெக்சலின் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். கிருமியும் காற்றும் உள்ளே போகாமல் இறால் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கட்டு இது, உங்கள் மணிக்கும் இப்படி ஒரு கட்டுப் போட்டுப் பார்க்கலாமா சார் என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் ஆறாம் தொட்டியில் முப்பது இறாலிடம் ஊசியில் கொஞ்சம் கொஞ்சம் ரத்தம் எடுத்தாள். அதில் என் மணிகளை ஊறவைத்து ஒரு நாள் மூடிவைத்தாள். மணி கறுத்தது. இறாலும் சாகவில்லை. சூடாக்கினோம், ஆக்சிஜன் விட்டோம். அமீன் அசையவில்லை.

என் பதினோரு வருடம். அவளுக்கு ஒரு பகல். அதிலும் சார் என்று மரியாதையாகக் கேட்டாள். திமிராகக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆறாம் தொட்டி அவளுடைய செல்லம். வந்த நோயை நினைவில் வைத்திருக்கும் எதிர்பொருள் இறாலுக்குக் கிடையாது என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. செத்த கிருமியைத் துளித்துளியாக ஊட்டிப் பழக்கினால் அதற்கும் ஒரு ஞாபகம் வருகிறது என்பது அவள் கட்சி. பழகிய இறாலின் ரத்தம் மற்றதைவிடச் சீக்கிரம் கறுக்கிறது. அதுவும் உண்மையாகப் போய்விட்டது.

என்னையும் ஒருவர் துளித்துளியாகப் பழக்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு ஞாபகம் நன்றாகவே வருகிறது.

நாள் 38. காலை 9.15. 0.5 சதம்.

வெள்ளை 88. கறுப்பு 97.

மூன்று முறை அளந்தேன். மானியைக் கழற்றித் துடைத்து நான்காவது முறையும் அளந்தேன். 88. பதிவேட்டில் எழுதி, தாளைப் படமெடுத்து மேலே அனுப்பிவிட்டேன்.

நாள் 39. காலை 9.20. 0.5 சதம்.

வெள்ளை 79. கறுப்பு 97.

பதிவேட்டில் நான் எழுதியது: வெள்ளை 95. கறுப்பு 90.

கை தவறிவிட்டது என்று எழுதலாம். தவறவில்லை. பேனாவை வைத்துவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து நிதானமாக எழுதினேன். நேற்றைய 88 ஏற்கெனவே மேலே போய்விட்டது. அதற்கு அடுத்து 95 என்றால் அது ஒரு நாள் நொண்டல். உண்மையான எண்கள் எப்போதும் கொஞ்சம் நொண்டும். நேர்கோடாகப் போனால்தான் சந்தேகம் வரும். இத்தனை வருட அனுபவம் இதற்காவது உதவியது.

சரிபார்த்தவர் கட்டத்தில் அவள் கையெழுத்து முன்பே இருக்கிறது. அழகான கையெழுத்து.

நாள் 46. மதியம் 12.40. 0.5 சதம்.

ஒரு வாரமாக வெள்ளையின் வீழ்ச்சியைக் கறுப்பின் பெயரில் எழுதுகிறேன். 90, 79, 66, 61. முதல் 90 தவிர எல்லாம் உண்மையான எண்கள்தான். வேறு வீட்டில் குடிவைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இன்று ரெக்சலினே பேசினாள்:

"சார், நல்லா இருக்கீங்களா? உங்க தாளெல்லாம் பாத்தேன். கறுப்பு இவ்வளவு சீக்கிரம் படுத்துரும்னு நான் நெனைக்கல. மேல்படலம் உரியுதோ என்னமோ. அவசரப்பட்டு ஊர் பூரா சொல்லிட்டேன், உங்களுக்குத்தான் சங்கடம். மன்னிச்சிருங்க. ஆழ்சிப்பிக்கு வெள்ளைதான்னு இன்னைக்கு முடிவாயிருச்சு. ஏறி எறங்குற கூண்டுலயும் அதான். ஆறாம் தொட்டிய மட்டும் காலி பண்ணிராதிய சார். அதே வம்சத்துல நாப்பது இறாலை நானும் கீழ கொண்டு போறேன். மணிக்காக இல்ல, நம்ம ஞாபக ஆராய்ச்சிக்கு."

மன்னிப்புக் கேட்டாள். என்னிடம். கறுப்புக் குடுவையை மூடிவிடச் சொல்லி உத்தரவும் வந்தது.

சந்தோஷமாக இருந்தேன். மறைக்கவில்லை. வெகுநாளைக்குப் பிறகு வயிற்றிலிருந்த எரிச்சல் அடங்கி, பசித்துச் சாப்பிட்டேன். இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன். பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

சாப்பிட்ட பிறகு வெள்ளைக் குடுவையின் குழாயை மூடினேன். அதில் இனி ஒன்றும் இல்லை. கறுப்பின் குழாயை முழுதும் திறந்தேன். பதிவேட்டில் வெள்ளை ஓடுகிறது. நிலையத்தில் கறுப்பு ஓடுகிறது. இந்த வரியை எழுதும்போது நான் உள்ளே இழுத்த மூச்சு அவள் மணி வழியாக வந்தது.

நாள் 52. காலை 10.00. 0.8 சதம்.

புயல். மூன்று நாளாக உருளை ஆடுகிறது. நேற்று முன்தினம் கரையிலிருந்து வரும் கேபிள் அறுந்தது. மின்சாரம் போயிற்று, என் குரல் மேலே போகும் வழியும் போயிற்று. இனி நான்கு பேட்டரிதான்.

அவர்கள் பேசுவது கேட்கிறது. தண்ணீர்வழியே வரும் ஒலியை வாங்கும் கருவி வேலை செய்கிறது. என்னிடமிருந்து போவதற்கு ஒரு தட்டுக்கருவி இருக்கிறது. அதில் ஒன்பது செய்திக்குமேல் அனுப்ப முடியாது. ஒன்று தட்டினால் நலம். மூன்று தட்டினால் காற்று கெட்டது. ஒன்பது தட்டினால் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு என்னைத் தூக்குங்கள். நான் பொய் எழுதினேன் என்பதற்கு எண் ஒதுக்கவில்லை.

கூரைமேல் மஞ்சள் மிதவை ஒன்று கட்டியிருக்கிறது. நீர் புகாத பெட்டி, ஒரு நோட்டு கொள்ளும். உள்ளிருந்து இழுத்து விடும் கம்பி புயலில் அறுந்துவிட்டது. விட வேண்டுமானால் வெளியே நீந்திப்போய்க் கையால் கொக்கியைக் கழற்ற வேண்டும். முக்கியமான காரியத்துக்கென்று அதை வைத்திருக்கிறேன்.

நாள் 55. காலை 8.30. 0.8 சதம்.

இதை விவரமாக எழுதவேண்டும்.

இசக்கியப்பன்: "சார், நான் பேசுதது கேக்கும்னு நெனைக்கேன். புயல் கடந்துட்டு. இன்னைக்கு ரெக்சலின் மேடம், கூட மூணு பேரு, ஆழ்சிப்பிக்கு எறங்கணும். படகும் ஒண்ணு, கூண்டும் ஒண்ணு. உங்களுக்கு அவசரம்னா ஒம்பது தட்டுங்க. எறக்கத்த நிப்பாட்டிட்டு படக உங்ககிட்டத் திருப்புதோம். அவசரம் இல்லன்னா ஒண்ணு தட்டுங்க. அவங்கள எறக்கிட்டு, கூண்டப் பழுது பாத்துட்டு, தொண்ணூறாம் நாளுக்குள்ள வாரோம். பேட்டரி, சாப்பாடு எல்லாம் அதுவரைக்கும் காணும்லா? பதினஞ்சு நிமிசம் காத்திருக்கோம் சார்."

அடுத்து ரெக்சலின்: "சார், உங்க மணிய நம்பித்தான் எறங்குறோம். குடுவைல உங்க பேர நானே எழுதி ஒட்டியிருக்கேன். பெருசா எழுதியிருக்கேன்."

பதினைந்து நிமிடம். தட்டுக்கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது தட்டியிருந்தால் இறக்கம் நின்றிருக்கும். படகு வரும். ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள். கறுப்புக் குடுவையின் குழாய் திறந்திருப்பதைப் பார்ப்பார்கள். அவள் பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. குடுவையில் என் பெயர், பெரிதாக. அது ஒருமுறையாவது கீழே போகட்டும் என்று இருந்தது.

நிமிடம் பதினான்கில் ஒன்று தட்டினேன்.

நாள் 63. மதியம் 2.10. 1.3 சதம்.

பேட்டரி அறையில் கசிவு. நான்கில் இரண்டு உப்புத்தண்ணீரில் மூழ்கிவிட்டன. குடுவையைச் சூடாக்க மின்சாரம் போதவில்லை. நாளுக்கு ஆறு மணி நேரம் சூடாக்கிய இடத்தில் இப்போது ஒன்றரை. மணி நன்றாகத்தான் இருக்கிறது. பிடித்ததை இறக்கிவைக்க அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

மூன்று தட்டலாம். காற்று கெட்டது. தட்டினால் பதிவேட்டின்படி இங்கே ஓடுவது வெள்ளை. வெள்ளை கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுத்துக்கொண்டால் நல்லதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன்.

ஒன்று தட்டினேன்.

ஆழ்சிப்பி அங்கிருந்து கரைக்குப் பேசுவதும் என் கருவியில் விழுகிறது. ரெக்சலின் தினமும் காலை ஒன்பதுக்குப் படிக்கிறாள். பிடிப்பு 96. காற்றில் 0.4. இறால் நாற்பது. எண்ணிக்கையில் அவள் ஒருநாளும் தவறியதில்லை. நீங்களே சொல்லுங்கள், ஒரு மனுஷிக்கு எதற்கு இத்தனை ஒழுங்கு.

நாள் 76. காலை 9.30. 2.4 சதம்.

தலைவலி. எழுந்து நின்றால் மூச்சு வாங்குகிறது. கூட்டல் கழித்தல் வரவில்லை, விரலை மடக்குகிறேன்.

கணக்கு இது. என் வெள்ளை பன்னிரண்டாம் நாள் தொடங்கி, அதிலிருந்து இருபத்தாறாம் நாள் சரிந்தது. அவர்கள் ஐம்பத்தைந்தில் தொடங்கினார்கள். ஐம்பத்தைந்தும் இருபத்தாறும் எண்பத்தொன்று. அது சரிய ஆரம்பிக்கும் நாள். தலைசுற்றல் எண்பத்தைந்து வாக்கில். அங்கே நான்கு பேர் மூச்சு. ஏறிவர அந்த ஆழத்திலிருந்து மூன்று நாள். ஏறும் கூண்டிலும் என் வெள்ளை.

இன்று ஒன்பது தட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள், தட்டினேன். பிறகு மூன்று தட்டினேன். மறுபடி ஒன்பது.

அரை மணி கழித்து இசக்கியப்பன்: "சார், ஒங்க தட்டல் ரெண்டு நாளாக் கேக்கல. தட்டுக்கருவில தண்ணி ஏறிருக்கும். கடைசியா வந்தது ஒண்ணுதான், அதனால இங்க யாரும் கவலப்படல. தொண்ணூறுக்குள்ள வந்துருதோம். நல்லா ரெஸ்ட் எடுங்க."

நல்ல மனிதர் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

மிதவையைப் பற்றி யோசித்தேன். கடல் இன்னும் கலங்கலாக இருக்கிறது. எண்பத்தொன்று வரட்டும். அங்கே குளிர் அதிகம், மணி கூட நாள் தாங்கலாம். தாங்கிவிட்டால் எல்லாமே சரியாகிவிடும். நான் எழுதியதுகூட உண்மையாகிவிடும்.

நாள் 79. காலை. 2.9.

பிடிப்பு 96 என்று படித்தாள். எனக்கு எழுந்து குதிக்கவேண்டும்போல் இருந்தது. உடம்பு வரவில்லை. தாங்குகிறது. என் வெள்ளை தாங்குகிறது.

ஆறாம் தொட்டிக்குத் தீனி போட்டேன். இரண்டு நாள் மறந்திருக்கிறேன். கண்ணாடி ஓரம் வந்து நின்றுகொண்டிருந்தன. என்னை அடையாளம் தெரிகிறதா என்று ஒன்றிடம் கேட்டேன். பிறகுதான் சத்தமாகக் கேட்டது உறைத்தது.

நாள் 81. காலை 9.05. 3.1.

ரெக்சலின் படித்தது: "பிடிப்பு எண்பத்தெட்டு. காத்துல பூஜ்யம் புள்ளி ஏழு. இறால் நாப்பது. இசக்கியப்பன் அண்ணே, பயப்படாதிய. சார் பட்டியல் என் கைலதான் இருக்கு. சாருக்கும் இதே இருபத்தாறாம் நாள், இதே எண்பத்தெட்டு. மறுநாளே தொண்ணூத்தஞ்சு ஆயிருக்கு. அவரு எவ்வளவு துல்லியமா எழுதியிருக்காரு பாருங்க. ஒரு நாள் பொறுத்துப் பாப்போம்."

துல்லியம்.

அவள் அதே தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதன் கீழே அவள் கையெழுத்தே இருக்கிறது. அவளே சரிபார்த்த எண், அவள் ஏன் நம்பமாட்டாள்.

நாள் 82. 3.3.

79 என்று படித்தாள். காற்றில் 1.2. மறுபடி அளக்கிறேன் என்றாள். எனக்குத் தெரியும். மூன்று முறை அளப்பாள். கழற்றித் துடைத்து நான்காவது முறை அளப்பாள்.

கூண்டை இறக்கலாமா என்று கரையில் கேட்டார்கள். அதற்கு அவள்: "வேண்டாம்ணே. கூண்டு பழுது இன்னும் முடியல, அவசரப்பட்டு எறக்கி எதுவும் ஆயிரக்கூடாது. சார் மணி விட்டுக்கொடுக்காது. இன்னும் ரெண்டு நாள் பாப்போம்."

விட்டுக்கொடுக்காதாம்.

இத்தனை நாள் எனக்கு எதன்மேல் வயிற்றெரிச்சல் என்று இன்றுதான் பிடிபட்டது. கறுப்பின்மேல் இல்லை. பேப்பரில் வந்த படத்தின்மேல்கூட இல்லை. ஒருவரை இப்படி நம்ப அவளுக்கு வருகிறது. எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு அழுதேன். அழுதால் மூச்சு அதிகம் செலவாகிறது.

நாள் 83. காலை. 3.6 அல்லது 3.8. முள் இரண்டாகத் தெரிகிறது.

இறால் முப்பத்தெட்டு என்று படித்தாள். அப்புறம் நாற்பது என்றாள். அப்புறம் மறந்துபோச்சு, எண்ணிட்டுச் சொல்றேன் என்றாள்.

எண்ணிக்கையில் தவறாதவள்.

இப்போது போகிறேன். கொக்கி கூரைமேல், வலது ஓரம். தண்ணீரில் ஏழெட்டு மீட்டர். கொக்கியைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்துவிடலாம், தலை தெளிவாக இருந்தால். தெளிவாக இல்லை. திசை தப்பி மேலே போனாலும் சரி, எப்படியும் மிதவை எனக்கு முன்னால் போய்விடும்.

நாள் 83. இன்னும் காலைதான்.

மிதவையை எடுத்த மீனவருக்கு. முன்பக்கங்களைப் படித்து நேரத்தைப் போக்கவேண்டாம், அது ஒரு மனிதனின் புழுக்கம். பெட்டி மூடியில் தொலைபேசி எண் இருக்கிறது. இசக்கியப்பன் எடுப்பார். சாப்பிட்டீர்களா என்று கேட்பார். பதில் சொல்லவேண்டாம். கீழே இருப்பதை அப்படியே வாசியுங்கள்.

ஆழ்சிப்பிக்கு, ரெக்சலினுக்கு. 88க்குப் பிறகு 95 வராது. 79, 66, 61. பிறகு ஒன்றும் இல்லை. காத்திருக்காதே. உன்

உன் கறுப்பு

உன் கறுப்பு மணி கெடவில்லை.

இந்த வரியை எழுத வெகுநேரம் ஆயிற்று. காற்றின்மேல் பழி போடலாம். காற்று காரணமில்லை.

கெட்டது என் வெள்ளை. பெயரை மாற்றி எழுதியது நான். எழுபத்தோரு நாளாக உன் மணி ஓடுகிறது. இன்று சூடாக்கி அளந்தேன், 97. ஊசியை எடு. உன்னிடம் நாற்பது இறால் இருக்கிறது. முப்பது போதும் என்று நீதான் காட்டினாய். குடுவையைத் திறந்து கெட்ட மணியைக் கொட்டிவிடு. உபரி மூட்டையிலிருக்கும் புது மணியை இறால் ரத்தத்தில் ஊறவை, கெட்டதை ஊறவைத்துப் பயனில்லை. ஒரு நாள் மூடிவை. அதுவரை நால்வரும் பேசாமல் படுத்துக்கிடங்கள். எண்ணுவதை வேறு யாரிடமாவது கொடு, இரண்டு பேர் எண்ணட்டும்.

நீ கையெழுத்துப் போட்டுவைத்த வெற்றுத் தாளில் இன்னும் பதினொன்று மிச்சம் இருக்கிறது. அதில் எழுதவில்லை. இது புதுத் தாள், நோட்டிலிருந்து கிழித்தது. உன் கட்டம் காலியாக இருக்கிறது. மேலே வந்து போடு.

நாள் 38 முதல் உண்மை எண்கள்.

வெள்ளை: 88, 79, 66, 61, 52, 40, 31, 22. பிறகு குழாய் மூடப்பட்டது.

கறுப்பு: 97, 97, 97, 97, 96, 97, 97, 97. இன்று 97.

பதிந்தவர்: கோமதிநாயகம்

சரிபார்த்தவர்: